செக்ரட்டேரியட்: படம் முழுங்கிய குதிரை

1973 ஜூன் 9 அன்று நியூயார்க்கில் நடந்த பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் செக்ரட்டேரியட் 31 குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. நேரம் 2 நிமிடம் 24 விநாடி. பெல்மான்டில் அந்த ரெக்கார்டு இன்றும் நிற்கிறது. இதை வைத்து டிஸ்னி 2010-ல் எடுத்த படம்தான் 'செக்ரட்டேரியட்'. டயான் லேன் நன்றாக நடித்திருக்கிறார், ஓட்டக் காட்சிகளும் பிரமாதம். ஆனால் இந்தப் படம் ஒரு குதிரையை அப்படியே முழுங்கிவிட்டது. அதன் பெயர் ரிவா ரிட்ஜ்.

படத்தின் கதை இதுதான்: அப்பாவின் பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. மகள் பென்னி செனரி ஒரே ஒரு குதிரையை நம்பி எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார், அதிசயம் நடக்கிறது. நிஜத்தில் 1972-லேயே ரிவா ரிட்ஜ் கென்டக்கி டெர்பியையும் பெல்மான்டையும் ஜெயித்தாச்சு. அதே பண்ணை, அதே பயிற்சியாளர் லூசியன் லாரின், அதே ஜாக்கி ரான் டர்காட். பண்ணையை முதலில் தாங்கிப் பிடித்த குதிரை அதுதான்.

இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாரையும் காட்ட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே வெட்டியதில் கதையின் அர்த்தமே மாறிப்போகிறது. முந்தைய வருஷம் இதே பந்தயத்தை ஜெயித்துக் காட்டிய ஒரு டீம், படத்தில் முதல் தடவையாக அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும் கூட்டமாக ஆகிவிடுகிறது. அவர்களுடைய அனுபவம் இருந்த இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. படம் பைபிளின் யோபு புத்தகத்து வரிகளோடு தொடங்குவதும் சும்மா இல்லை.

இதே கோளாறு கடைசிப் பந்தயக் காட்சியிலும் இருக்கிறது. பெல்மான்ட் மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம், தூரம் ஒன்றரை மைல், அதாவது சுமார் 2,400 மீட்டர். பெரும்பாலான குதிரைகள் அதற்கு முன் அவ்வளவு தூரம் பந்தயத்தில் ஓடியதே இல்லை. செக்ரட்டேரியட்டின் கால் மைல் நேரங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0 விநாடி.

கவனித்தீர்களா? இரண்டாவது கால் மைலுக்கு அப்புறம் குதிரையின் வேகம் குறைந்துகொண்டேதான் போகிறது. கடைசியில் அது சிறகு முளைத்துப் பறக்கவில்லை. மற்ற குதிரைகள் அதைவிட அதிகமாகத் தளர்ந்ததால்தான் இடைவெளி அப்படி விரிந்தது. என்னைக் கேட்டால் அதிசயத்தைவிட இதுதான் பெரிய விஷயம். தூரம் எல்லாக் குதிரையையும் தின்கிறது, இதைக் கொஞ்சம் மெதுவாகத் தின்றது, அவ்வளவுதான்.

அந்த விலையை அதிகம் கொடுத்தது ஷாம். டெர்பி, பிரீக்னஸ் இரண்டிலும் செக்ரட்டேரியட்டுக்கு இரண்டரை நீளம் பின்னால் இரண்டாவதாக வந்த குதிரை. பெல்மான்டில் தொடக்கத்திலேயே ஈடுகொடுத்து ஓடியது. முதல் முக்கால் மைல் 1 நிமிடம் 9.8 விநாடி, இந்தத் தூரத்துக்கு அது வெறித்தனமான வேகம். அதன் பிறகு ஷாம் உடைந்துபோய், ஓடிய ஐந்தில் ஐந்தாவதாக வந்தது. அதற்கப்புறம் எந்தப் பந்தயத்திலும் அது ஓடவே இல்லை. படத்தில் ஷாமின் பயிற்சியாளர் வாய்ச்சவடால் வில்லன். அவரை மட்டம் தட்டியதில் குதிரையின் ஓட்டமும் மட்டமாகிவிட்டது.

31 நீளம் என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பு கிடையாது. யாரை, எந்த வேகத்தில் ஓடி, எவ்வளவு தூரத்தில் விட்டது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. ரிவா ரிட்ஜை மறைத்து, ஷாமைச் சிறுமைப்படுத்தி செக்ரட்டேரியட்டை உயர்த்தப் பார்க்கிறது படம். அந்தக் குதிரைக்கு இந்த உதவி தேவையே இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பந்தயத்தின் பழைய ஒளிப்பதிவையும் ஒருமுறை பாருங்கள். முதல் முக்கால் மைலில் ஷாமின் மேல் மட்டும் கண்ணை வையுங்கள்.