எல்லை தாண்டினால் மண்டை ஓடு மாறுமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலிருந்து கிழக்கு நோக்கி மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவரை மனக்கண்ணால் பாருங்கள். கொலராடோ ஆற்றுப் பாலத்தின் மேற்குக் கரையில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டுவது குற்றம். பாலத்தைக் கடந்து அரிசோனாவுக்குள் நுழைந்துவிட்டால், 18 வயது நிறைந்தவர் கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். இரு கரையிலும் சாலையின் கடினம் ஒன்றுதான். மண்டை ஓடும் ஒன்றுதான். பின் சட்டம் மட்டும் ஏன் மாறுகிறது?

அந்நாட்டில் இத்தகைய சட்டங்கள் மாநிலங்களின் பொறுப்பு. தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்தலாம் என்று 1966-இல் மத்திய அரசு விதி செய்தது. 1975-க்குள் 47 மாநிலங்கள் சட்டம் இயற்றின. 1976-இல் அந்தத் தண்டனை அதிகாரம் நீக்கப்பட்டதும், பல மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்தைத் தளர்த்தின. இன்று எல்லா வயதினரும் கவசம் அணிய வேண்டும் என்னும் மாநிலங்கள் 17 மட்டுமே. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றில் மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசச் சட்டமே இல்லை.

“என் தலை, என் விருப்பம். அடிபட்டால் எனக்குத்தானே?” என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 1972-இல் மாசசூசெட்ஸ் வழக்கில் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விழுந்தவரைச் சாலையிலிருந்து தூக்குவதும், மருத்துவமனையில் சேர்ப்பதும், அவர் உழைக்க முடியாமற்போனால் குடும்பத்தைத் தாங்குவதும் சமுதாயமே என்று அது சுட்டிக்காட்டியது. நாட்டின் உச்ச நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது.

சரி, கவசம் உண்மையிலேயே காக்கிறதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.83 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அது 3 மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன் வேகத்தளர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 600 மடங்கு. கவசத்தினுள் உள்ள நுரை நசுங்கி, நிற்கும் தூரத்தை 25 மில்லிமீட்டராக நீட்டினால் அது ஏறக்குறைய 73 மடங்காகக் குறைகிறது. அதாவது, காப்பது வெளியோடு மட்டுமன்று. உள்ளே நசுங்கும் நுரையே முதல் காவலன். 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மதிப்பீடு, கவசம் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகக் கூறுகிறது.

இதை அறிந்தும் ஃப்ளோரிடா மாநிலம் 2000-இல் என்ன செய்தது? 21 வயது கடந்தவர் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் கவசம் தேவையில்லை என்றது. மூளையில் அடிபட்டவரின் சிகிச்சைக்கு அத்தொகை எம்மூலைக்கு? மேலும், விரைந்து செல்பவரின் வயதையும் காப்பீட்டையும் காவலர் எப்படிக் கண்டறிவார்? கவசம் இருக்கிறதா, இல்லையா என்பது ஒன்றே கண்ணுக்குத் தெரியும்.

ஆயினும், ஓட்டுநர்களின் குறை முழுவதும் வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1974 முதல் நடப்பிலுள்ள 218-ஆம் எண் மத்தியத் தர விதிப்படி, செயற்கைத் தலையில் பொருத்திய கவசத்தை எஃகுப் பட்டடை மேல் வீழ்த்திச் சோதிக்கிறார்கள். வேகத்தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 400 மடங்கைத் தாண்டக் கூடாது. சோதித்த கவசம் பிறகு பயன்படாது. வாங்குபவர் இதைக் கடையில் செய்து பார்க்க முடியுமா? முத்திரையை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அம்முத்திரையையோ தயாரிப்பாளர் தாமே ஒட்டிக்கொள்கிறார். அரசு பின்னர் சிலவற்றைக் கடையில் வாங்கிச் சோதிக்கிறது. நுரையே இல்லாத மெல்லிய ‘அலங்காரக் கவசங்கள்’ போலி முத்திரையுடன் நடமாடியதால், 2013 முதல் முத்திரையில் கூடுதல் விவரங்கள் கட்டாயமாயின.

முத்திரை இருந்தும், கவசம் தரமற்றது என்று கலிஃபோர்னியாவில் காவலர்கள் அபராதச் சீட்டு வழங்கினர். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு வரம்பு கட்டியது: முத்திரையுள்ள கவசம் தரமற்றது என்பதை ஓட்டுநர் அறிந்திருந்தார் என்று கருதத் தக்க காரணம் வேண்டும். இது நியாயமான தீர்ப்பு. ஆய்வுக்கூடத்தில் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைத் தெரியவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா?

இங்கேதான் ஓட்டுநர் சங்கங்கள் வழி தவறுகின்றன என்பது என் கருத்து. கவசத்தைக் கழற்றும் உரிமைக்காகச் சட்டமன்றப் படியேறியவர்கள், அணிந்த கவசம் உறுதியாகக் காக்கும் என்ற உரிமைக்காக அதே முனைப்போடு போராடியிருக்க வேண்டும். விற்பனைக்கு வருமுன்பே சுதந்திரமான ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்யக் கோருவது அவ்வழியின் முதற்படி. அணியச் சொல்லும் அரசு, அணிவது காக்குமா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். வாசகர்களே, சட்டம் கட்டளையிடும்போது அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.