105-க்கு 105

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவரும் ஜிடி டிடிஐ வைத்திருப்பவரும் ஒரே டீக்கடையில் நின்றால் டீ ஆறித்தான் போகும். நான் பெட்ரோல் கட்சி, என் நண்பன் டீசல் கட்சி. இரண்டு வண்டியும் 2013இல் வந்தவை. இரண்டுக்கும் சக்தி அதே 105 பிஎஸ். ஒரு குதிரைகூட யாருக்கும் கூடுதல் இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை தீரவே தீராது. தீரவும் கூடாது!

கொல்லிமலைக்கு வந்தால் புரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலையில் பஸ் நடமாட்டம் தொடங்குமுன், விடிந்தும் விடியாத நேரத்தில் ஏற வேண்டும். என் டிஎஸ்ஐயின் 1.2 லிட்டர் எஞ்சின் 1500 சுற்றிலேயே 175 நியூட்டன் மீட்டரையும் கொட்டிவிடும். 4100 வரை இழுவை தளராது. அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி இருக்கிறதே, அடடா! ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டாவதில் ஓடும்போதே மூன்றாவது தயாராக நிற்கும். எஸ் மோடில் போட்டு, வளைவு முடிந்ததும் மிதித்தால், கியர் மாறியதைக் காது சொல்லும், உடம்புக்குத் தெரியாது.

"மாப்ள, இப்ப என் வண்டிய எடு" என்று அவன் சாவியைத் தூக்கிப் போடுவான். எடுத்தால் வேறு உலகம். டிடிஐயில் 250 நியூட்டன் மீட்டர்! டர்போ விழிக்கும்வரை கொஞ்சம் சோம்பல்தான். சரியான இடத்தில் இரண்டாவது கியருக்கு இறக்கத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால், அது முதுகைப் பிடித்துத் தள்ளும் தள்ளில் சிரிப்பு தானாக வரும். கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் சுகம் வேறு. அதற்கு என்னிடம் பதிலே கிடையாது.

வரலாற்றையும் விடமாட்டோம். 2010இல் இந்தியாவில் போலோ கோப்பைப் பந்தயம் தொடங்கியபோது ஓடியவை டீசல் கார்கள். இதை அவன் சொல்லாத நாளில்லை. 2012இல் அதே பந்தயம் பெட்ரோலுக்கு மாறியதை நானும் விடுவதில்லை. டீசல்காரர்களுக்குள்ளேயே இன்னொரு பங்காளிச் சண்டை உண்டு. சிறிய கார்களுக்கான வரிச்சலுகை டீசலில் 1500 சிசியோடு நின்றுவிடும் என்பதால், ஜிடி டிடிஐயின் 1.6 லிட்டர் எஞ்சின் 2014இல் 1.5 ஆனது. திறனும் இழுவையும் மாறவில்லை. ஆனால் அந்தப் பழைய 1.6 வைத்திருப்பவர்களின் பெருமையைப் பார்க்க வேண்டும்! ஏறக்குறைய ஓராண்டு மட்டுமே விற்ற வண்டியல்லவா. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

2020இல் டீசல் நின்றது. 1.0 லிட்டர் டிஎஸ்ஐ வந்தது. மூன்றே சிலிண்டர், ஆனாலும் 110 பிஎஸ். 2022இல் இந்தியாவில் போலோவே நின்றுவிட்டது. இனி ஷோரூமில் போய் வாங்க முடியாது என்பதால் எங்கள் பாசம் இன்னும் கூடிவிட்டது. அவனுக்கு ஒரு உதிரிபாகம் கிடைக்காவிட்டால் நான் ஊர் ஊராக விசாரிப்பேன், எனக்கு அவன்.

இப்போது ஈரோட்டுத் தம்பி ஒருவர் அந்த 1.0 லிட்டரோடு வந்து சேர்ந்திருக்கிறார், ஆறு கியர் மேனுவல். "அண்ணா, 5 பிஎஸ் அதிகம்" என்பதுதான் அவர் வணக்கம் சொல்லும் முறை. ஓட்டிப் பார்த்தேன். என் டிஎஸ்ஐயின் இழுவையும் நண்பனின் கை கியரும் ஒரே வண்டியில்! என் வண்டிக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். டீசல் கட்சி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.