ஒரு பிடி சுஷி

டோக்கியோவின் சின்னஞ்சிறு சுஷிக் கடையில் உட்கார்ந்து ரசிப்பது எப்படி?

மாஸ்டர் ஒரு சுஷியைப் பிடித்து உங்கள் முன்னால் வைக்கிறார். அவர் கையை எடுத்ததும் அதைக் கூர்ந்து பாருங்கள். சோற்றின் மேல் படுத்திருக்கும் மீன் மெல்ல, ஒரு மயிரிழை அளவுக்கு, கீழே இறங்கும். யாரும் தொடவில்லை. சுஷி தன் எடையிலேயே அமர்கிறது. பருக்கைகளுக்கு நடுவே காற்று நிற்கும்படி பிடித்திருப்பதால்தான் இந்த இறக்கம். விரலில் எடுத்தால் உடையக் கூடாது, நாக்கில் பட்டால் உதிர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள அழுத்தம் கைக்குப் பழகப் பல ஆண்டுகள் ஆகும்.

அந்த இறக்கம் கண்ணில் பட்ட அன்றுதான் எனக்குச் சுஷி பிடிபட்டது. அதுவரை மீனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்முறை சுஷிக் கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சோற்றைக் கவனியுங்கள். மீனும் மாஸ்டரின் கையும் அதன் வழியாகவே விளங்கும்.

சோறுதான் சுஷி

சுஷி என்றாலே பச்சை மீன் என்று நினைக்கிறோம். பச்சை மீனைத் துண்டு போட்டு அப்படியே வைத்தால் அதன் பெயர் சஷிமி. சுஷி என்ற சொல்லுக்கு வேர் புளிப்பு. மீனைக் கெடாமல் வைக்கச் சோற்றில் புதைத்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. ஷிகா மாநிலத்தில் பிவா ஏரிக்கரையில் அந்தப் பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏரி மீனை உப்பிட்டு, சோற்றோடு அடுக்கி, மாதக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அந்த ஃபுனாசுஷியில் சோறு குழைந்து கரைந்துவிடும், மீனைத்தான் உண்பார்கள்.

பிறகு, காத்திருக்காமல் சோற்றில் வினிகர் கலந்து புளிப்பேற்றும் வழக்கம் வந்தது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலம். 1820களில் அங்கே ஹனயா யோஹெய் என்பவர் இன்றைய சுஷிக்கு வடிவம் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தச் சுஷிக்கு நிகிரி என்று பெயர். பிடிப்பது என்று பொருள். நாம் பிடிகொழுக்கட்டை என்கிறோமே, அதே பிடிதான். அன்று அது தெருவோரத் தள்ளுக்கடைப் பலகாரம். வேலைக்குப் போகிற வழியில் நின்றபடியே ஒன்றிரண்டு வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். அளவும் இப்போதையதைவிடப் பெரிது.

1923இன் பெரும் நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்து அழிந்தபோது, மாஸ்டர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். எடோவின் ஊர்ப் பலகாரம் அவர்களோடு நாடெங்கும் போயிற்று. போருக்குப் பின், 1947இல், உணவுத் தட்டுப்பாட்டால் உணவகங்களுக்குத் தடை வந்தது. அப்போது சுஷிக்காரர்களைக் காப்பாற்றியதும் அரிசிதான். வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்து கொடுத்தால் கூலி வாங்கிக்கொண்டு பத்துச் சுஷி பிடித்துத் தரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்று நாம் காணும் சிறிய அளவு நிலைபெற்றது அந்த நாட்களில்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் திறமையை இங்கே பயன்படுத்துங்கள். முதல் சுஷியில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலாவது சூடு. சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிச் சில்லிட்ட சோற்றில் சுவை திறக்காது. இரண்டாவது பருக்கை. ஜப்பானிய அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மை உள்ளது. ஆனாலும் நல்ல சோற்றில் ஒவ்வொரு பருக்கையையும் நாக்கு தனித்தனியாக உணரும். வெந்த சோற்றை அகலமான மரத்தொட்டியில் கொட்டி, வினிகரும் உப்பும் தெளித்து, துடுப்பால் வெட்டினாற்போலக் கிளறி, விசிறி ஆற்றுவது இதற்காகத்தான். மூன்றாவது புளிப்பு. இது கடைக்குக் கடை மாறும். சில கடைகளில் சோறு இளம்பழுப்பாக இருக்கும். பழைய சோறு என்று எண்ணிவிடாதீர்கள். அது சிவப்பு வினிகரின் நிறம். சாக்கே என்ற அரிசி மதுவை வடித்து எஞ்சிய மண்டியைப் பல காலம் வைத்திருந்து அதிலிருந்து எடுக்கும் வினிகர் அது. ஹன்தா என்னும் ஊரில் நகானோ மதாசயெமோன் என்பவர் 1804இல் இதைச் செய்யத் தொடங்கினார். எடோவின் சுஷி இந்த வினிகரில்தான் வளர்ந்தது.

எந்தக் கடைக்குப் போவது?

புகழ்பெற்ற சுஷி மாஸ்டர் ஜிரோ ஓனோவின் கடையில் பத்தே இருக்கைகள். அவரைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படத்துக்குப் பிறகு உலகமே அதன் வாசலில் நிற்க ஆசைப்பட்டது. புகழ்பெற்ற இடங்களுக்கு இடம் கிடைப்பதே அரிது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குடியிருப்புத் தெருக்களில் அக்கம்பக்கத்தாருக்காகவே நடக்கும் கடைகள் இருக்கின்றன. வாசலில் நோரென் என்ற துணித்திரை தொங்கும். உள்ளே ஏழெட்டுப் பேர் உட்காரும் ஒரே ஒரு மரமேடை. மாஸ்டரும் அவர் மனைவியும் மட்டுமே நடத்தும் கடைகளும் உண்டு. ரசிக்கக் கற்றுக்கொள்ள இவைதான் நல்ல இடம். தட்டுகள் சுற்றிவரும் கடைகள் வேறு வகை. 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி தொடங்கிவைத்த அந்த முறை, சுஷியை எல்லோருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பிடித்த கையிலிருந்து நேராக உங்களிடம் வரும் சுஷியை அங்கே எதிர்பார்க்க முடியாது.

மதிய வேளையில் போனால் செலவு குறையும். முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமையையும் உண்ணாதவற்றையும் சொல்லிவிடுங்கள். சைவம் உண்பவர்களுக்கு வெள்ளரிக்காய்ச் சுருள்போல ஒன்றிரண்டு இருந்தாலும், இந்தக் கடை மீனுக்கானது என்று தெரிந்து போவது நல்லது. மாஸ்டர் அன்றைக்கு வாங்கிய மீன் உங்கள் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டது. அதனால் சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள். நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1935 முதல் இயங்கிய சுகிஜி மீன் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு இடம் மாறியது. அந்தச் சந்தைக்கு ஞாயிறு விடுமுறை, புதன்கிழமைகளிலும் பல நாள் விடுமுறை. அந்த நாட்களில் சுஷிக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

வாசனைத் திரவியம் பூசாமல் போங்கள். ஏழு பேர் நெருங்கி உட்காரும் இடத்தில் ஒருவர் பூசியது எல்லோருடைய மீனிலும் மணக்கும். மேடை பெரும்பாலும் ஹினோகி மரம். மென்மையானது, எளிதில் கீறல் விழும். பெரிய கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள், கைபேசியை அதன்மேல் வைக்காதீர்கள்.

கையால் உண்ணலாம்

உட்கார்ந்ததும் ஈரத்துணி வரும். கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். குச்சியாலும் உண்ணலாம், கையாலும் உண்ணலாம், இரண்டும் முறையானதே. கையால் உண்டு வளர்ந்த நமக்கு இங்கே கூச்சமே வேண்டாம். தளர்வாகப் பிடித்த சுஷிக்கு விரல்தான் நல்ல துணை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போதும். இடையிடையே விரல் துடைக்கச் சிறிய ஈரத்துணி ஒன்றும் வைத்திருப்பார்கள்.

சோயா சாஸ் தொட வேண்டுமானால் சுஷியைப் பக்கவாட்டில் சாய்த்து மீனின் ஓரத்தை மட்டும் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் அது சாஸை உறிஞ்சி உடைந்துபோகும். பல கடைகளில் மாஸ்டரே தூரிகையால் சாஸ் தடவித்தான் வைப்பார். அப்போது எதையும் தொடாமல் அப்படியே வாயில் போட வேண்டும். வசாபியும் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கிறது. பச்சை வசாபிக் கிழங்கைச் சுறாத்தோல் பலகையில் வட்டமாகத் தேய்த்து எடுக்கிறார்கள். அதன் மணம் சற்று நேரத்தில் போய்விடும். அதைச் சாஸில் கரைத்துக் குழப்பினால் மாஸ்டர் அளந்து வைத்தது வீணாகும். காரம் மிகுதியாகப்பட்டால் குறைக்கச் சொல்லுங்கள். சோற்றையும் அப்படிக் குறைத்துக் கேட்கலாம். இஞ்சி ஊறுகாய் ஒரு சுஷிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாக்கைத் துலக்க. கடற்பாசி சுற்றி மீன்சினை நிரப்பிய சுஷியைக் கவிழ்க்க முடியாது. இஞ்சித் துண்டைச் சாஸில் நனைத்து மேலே தடவிக்கொள்ளலாம்.

ஒரே வாயில் உண்ணுங்கள். வைத்தவுடன் உண்ணுங்கள். சோற்றின் சூடும் மீனின் குளிர்ச்சியும் ஒன்றையொன்று நெருங்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே எல்லாம் தயாராகியிருக்கிறது. படம் எடுக்க விரும்பினால் அனுமதி கேட்டு, சட்டென்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு சுவாரசியமாக இருந்தாலும் சுஷி வந்ததும் நிறுத்துங்கள்.

மீனில் செய்த வேலை

மீன் புதிதா என்று கேட்பது நம் சந்தைப் பழக்கம். சுஷிக் கடையில் அதைவிடச் சரியான கேள்வி, இந்த மீனுக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான். குளிர்பெட்டி இல்லாத எடோவில் மீனைக் காப்பாற்ற உப்பிட்டார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயாவில் ஊறவைத்தார்கள், சாற்றில் வேகவைத்தார்கள், கடற்பாசித் தாள்களுக்கு நடுவே பொதிந்து வைத்தார்கள். இன்று பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த வேலைகள் சுவைக்காகத் தொடர்கின்றன. பெரிய சூரை மீனைப் பல நாள் வைத்திருந்து பதம் வந்த பிறகே வெட்டுவார்கள்.

ஒரு கடையை அறிய வேண்டுமானால் கொஹாதா கேளுங்கள். நம் மத்திக்கு உறவான சிறிய வெள்ளி மீன், விலை மலிவு, முள் அதிகம். அதைப் பிளந்து, உப்பிட்டு, வினிகரில் நனைத்து எடுப்பதில் மாஸ்டரின் முழுக் கணக்கும் இருக்கிறது. மீனின் பருமன், கொழுப்பு, அன்றைய வெயில் எல்லாம் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைப்பார். வளர வளர அந்த மீனுக்குப் பெயரும் மாறும்: ஷின்கோ, கொஹாதா, நகசுமி, கொனோஷிரோ. மற்ற மீன்கள் பெரிதாகப் பெரிதாக விலை ஏறும். இதில் கோடையில் முதலில் வரும் விரல்நீளக் குஞ்சான ஷின்கோதான் விலை அதிகம். ஒரு சுஷிக்கு அதில் இரண்டு மூன்று மீன் வேண்டியிருக்கும்.

சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதி இன்று எல்லோரும் தேடும் பண்டம். எடோக்காரர்கள் அதைப் பூனைகூடத் தாண்டிப்போகும் என்று ஒதுக்கினார்கள். வாயில் வெண்ணெய்போல் கரையும், உண்மை. ஆனால் அதையும், சோயாவில் ஊறவைத்த சிவந்த சதைத் துண்டையும் அடுத்தடுத்து உண்டு பாருங்கள். வினிகர்ச் சோற்றோடு எது நெடுநேரம் பேசுகிறது என்பது நாக்குக்குத் தெரியும்.

கடல் விலாங்கு மெத்தென்று வெந்து, அதன் சாற்றையே வற்றவைத்த இனிப்புக் குழம்பு பூசி வரும். முட்டை சில கடைகளில் இறால் விழுது சேர்த்த கேக்போல இருக்கும், சிலவற்றில் தாஷி என்ற சாறு கலந்த அடுக்காக வரும். தாஷியின் மணம் தூத்துக்குடிக்காரர்களுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. அதற்கு அடிப்படையான உலர்ந்த கட்சுவோ, நம் மாசிக்கருவாட்டைப் போலவே சூரை இனத்து மீனை வேகவைத்து உலர்த்தியதுதான்.

அவர் கையில் விடுங்கள்

முதல்முறை போகிறவர்கள் ஒமாகாசே என்று சொல்வது நல்லது. உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று பொருள். பெரும்பாலும் மெல்லிய சுவையுள்ள வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பும் புளிப்பும் ஏறி, விலாங்கு, சுருள், முட்டை என்று முடியும். வரிசையில் பருவமும் தெரியும். வசந்தத்தில் மட்டி, இலையுதிர்காலத்தில் சால்மன் சினை, குளிர்காலத்தில் கொழுத்த புரி மீன். பெயர் புரியாவிட்டால் கேளுங்கள். மாஸ்டர் கத்தியை வைத்த பிறகு கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார். சோயாவுக்கும் வசாபிக்கும் கடைக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குழூஉக்குறிகளை நாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பேசும் சாதாரணச் சொல்லே மரியாதை. கவனமாக உண்பவரை மாஸ்டரும் கவனிப்பார். நீங்கள் இடதுகையால் எடுத்தால் அடுத்த சுஷி உங்கள் கைக்கு ஏற்பத் திரும்பி வந்து உட்காரும்.

வரிசை முடிந்ததும் அவர் உங்களைப் பார்த்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். அதுவரை எல்லாவற்றையும் அவர் தேர்ந்தெடுத்தார். இப்போது உங்கள் முறை. விலையையும் பெயரையும் மறந்துவிட்டு, நாக்கில் இன்னும் நிற்பது எது என்று ஒரு கணம் யோசியுங்கள். பத்துப் பாராட்டு வார்த்தைகளைவிட, கொஹாதா இன்னும் ஒன்று என்ற கோரிக்கை அவரை மகிழ்விக்கும். அதிகாலையில் சந்தைக்குப் போனதும், உப்பிட்டுக் காத்திருந்ததும், சோற்றை விசிறியதும் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன என்று அவருக்குத் தெரியும். எழும்போது கோச்சிசோசமா என்று சொல்லுங்கள். அந்த நன்றிச்சொல்லின் நடுவே ஓடியாடுவது என்ற பொருள் இருக்கிறது, விருந்தாளிக்காக ஓடிய ஓட்டம்.

ஆனால் அதற்கு முன் அந்தக் கடைசிச் சுஷி வருகிறது. வைத்துவிட்டுக் கையை எடுக்கிறார். மீன் மெல்ல இறங்குகிறது. இந்த முறை யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் விரல்கள் ஏற்கெனவே அதன்மேல் இருக்கின்றன.