ஆற்றுப்படையில் ஏவலும் எச்சமும்

பிறரை ஒரு செயலுக்குத் தூண்டும் எழுத்து ஏவலாலோ வியங்கோளாலோ முடிதல் வேண்டும் என்பது இக்கால விளம்பரக் கலையார் கொள்கை. 'இன்றே வாங்குங்கள்', 'உடனே வருக' என்பன அவர்தம் முடிபுகள். பிறரைச் செலுத்துதலையே பொருளாகக் கொண்ட ஆற்றுப்படை நூல்கள் இக்கொள்கைக்கு உடன்படுகின்றனவா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெற்றவன் பெறாதவனுக்கு அறிவித்து, அவனும் சென்று பயன்கொள்ளச் செய்தலை ஆற்றுப்படையெனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். எனவே, அழைப்பவன் முன்னரே பெற்றவனாதல் வேண்டும். நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வழிகாட்டும் பாணன் தன் பழைய வறுமையை மறைத்திலன். உப்பின்றி வெந்த வேளைக்கீரையைப் பிறர் காணாவாறு கதவடைத்து உண்ட நிலையை எடுத்துரைக்கின்றான். கேட்பவனும் அப்பசியை அறிந்தவனே. ஆதலின், யானையும் தேரும் பெற்று மீண்டதாக அவன் கூறுவது சான்றாகின்றது.

அடுத்து வருவது வழி. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என ஊர்தோறும் உணவு குறிக்கப்படுகின்றது. இவ்வாறு 269 அடிகள் நடந்த பாட்டின் இறுதியில் நிற்பது ஏவல் வினையன்று. 'விரும்பிச் சென்றால்' என்னும் பொருளுடைய வினையெச்சமேயாம். நல்லியக்கோடன் அன்றே பரிசில் தருவான் என்னும் பயன் முன் நிற்க, செலவு பின் நிற்கின்றது. போவதும் போகாமையும் கேட்போன் விருப்பிற்கு விடப்படுகின்றன.

அங்ஙனமாயின் ஆற்றுப்படைகளில் ஏவலுக்கு இடமில்லையோ எனின், உண்டு. 583 அடிகளுடைய மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள் ஆகியவற்றினின்று காத்துக்கொள்ளுமாறு கூறுமிடத்து ஏவல்கள் பயின்று வருகின்றன.

இந்நூல்கள் புரவலனைப் புகழவே எழுந்தன, வழிகூறல் அதற்கொரு வாயிலே என்பாரும் உளர். புகழ் ஒன்றே கருத்தாயின், நன்னன் மலைவழியின் இடர்களை இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செல்வோன் நலமும் புலவர் நெஞ்சில் இருந்தமையாலன்றோ அவை இடம்பெற்றன!

இவ்விரு நூல்களால் யாம் துணிவது இது: தூண்டும் ஆற்றல் முடிக்கும் வினையைப் பற்றி நிற்பதன்று. அழைப்போன் பட்டறிவும், தெளிந்த வழியும், மறையாது கூறிய இடருமே அவ்வாற்றலைத் தருகின்றன. இவை அமைந்தவிடத்து எச்சமும் ஏவலாய் நிற்கும். அமையாதவிடத்து ஏவல் வெற்றொலியாய் ஒழியும்.