கூத்துக் களத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம்

பெற்ற பிள்ளையைப் பலி கொடுத்துப் போரை வெல்லும் கதையை நன்றாக அறிந்தவர்கள் களமருதூர்ப் பக்கத்து மக்கள். களமருதூர் இருக்கும் அதே உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்தில் இருக்கிறது கூவாகம். அங்கே சித்திரையில் 18 நாள் திருவிழா காணும் கூத்தாண்டவர் வேறு யாருமல்ல, அர்ச்சுனன் மகன் அரவான்தான். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலிக்கு இசைந்தவன். திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். அமெரிக்கக் குடும்பத் துயர நாடகங்களுக்குத் தமிழ் மேடையில் என்ன இடம் என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கூவாகம்தான்.

ஆர்தர் மில்லரின் 'ஆல் மை சன்ஸ்' 1947இல் மேடையேறியது. ஆலை முதலாளி ஜோ கெல்லர், விரிசல் விட்ட எஞ்சின் பாகங்களைப் போர் விமானங்களுக்கு அனுப்ப, 21 விமானிகள் சாகிறார்கள். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்கிறார் அவர். அந்தப் பிள்ளைகளில் ஒருவன், தானும் விமானி, அப்பா செய்ததை அறிந்து உயிரை விட்டிருக்கிறான். பாண்டவர்கள் வெற்றிக்காகத் தங்கள் பிள்ளையைக் கொடுத்தார்கள். கெல்லர் தன் பிள்ளைகளுக்காக ஊரார் பிள்ளைகளைக் கொடுத்தார். இரண்டு கதையிலும் பெரியவர்கள் பட்ட கடனைப் பிள்ளையின் உயிர் அடைக்கிறது.

இரண்டாண்டு கழித்து வந்த 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் அப்பாவே பலியாகிறார். 63 வயது விற்பனையாளர் வில்லி லோமன், 20,000 டாலர் காப்பீட்டுப் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரோடு போய்ச் சாகிறார். நியூயார்க்கில் முதன்முறை 742 காட்சிகள் ஓடிய இந்த நாடகத்தை 1984இல் டஸ்டின் ஹாஃப்மன், 1999இல் பிரையன் டென்னஹி, 2012இல் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் என்று பலரும் மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2022இல் வெண்டல் பியர்ஸ் நடித்தபோது லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பமாகவே நியூயார்க் மேடையில் நின்றது. நான் பெரிதாக மதிப்பது 1983 பெய்ஜிங் மேடையேற்றத்தை. யிங் ருவோசெங் மொழிபெயர்த்து வில்லியாக நடிக்க, மில்லரே அங்கு போய் இயக்கினார். பொன்னிறப் பொய்முடி வேண்டாம், அமெரிக்கரைப்போல நடிக்கவும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவர்கள் சீனர்களாகவே நின்று அந்தக் குடும்பத்தைக் காட்டினார்கள்.

தமிழில் முன்னோடி ஈழத்தவர். க. பாலேந்திராவின் அவைக்காற்றுக் கலைக் கழகம், டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகத்தைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்று 1970களின் இறுதியில் இலங்கையில் மேடையேற்றியது. அப்பா விட்டுப் போன வீடு, பழம்பெருமை பேசும் அம்மா, கால் தாங்கி நடக்கும் மகள், செருப்புக் கிடங்கில் வேலை பார்க்கும் மகன். மாப்பிள்ளை வருவானா என்று காத்திருக்கும் வீடு நமக்குப் புதிதா என்ன? தமிழ்நாட்டு சபா மேடை அமெரிக்க நாடகத்தின் வரவேற்பறையையும் சோபாவையும் எடுத்துக்கொண்டது. அந்த அறைக்குள் வெடிக்கும் சண்டையை விட்டுவிட்டது. இது எனக்கு ஆறாத குறை.

வில்லியம்ஸின் நாடகத்தில் மகன் டாம் கதைக்குள்ளும் இருக்கிறான், வெளியே வந்து நம்மோடும் பேசுகிறான். அதைத்தான் நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் காலங்காலமாகச் செய்கிறான். வில்லியின் வீட்டை வடிவமைத்த ஜோ மீல்சினர் சுவர்களை ஊடுருவிப் பார்க்கும்படி அமைத்தார். பழைய நினைவு எழும்போது பாத்திரங்கள் சுவரைக் கடந்தே நடக்கும். கூத்தில் அந்தச் சுவரே தேவையில்லை. ஒரு சுற்று ஆடி வந்தால் காடு அரண்மனையாகும், இன்று நேற்றாகும். வில்லியின் செத்துப்போன அண்ணன் பென் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டோடு வரலாம். மத்தளமும் முகவீணையும் வில்லியின் மனக் குழப்பத்தை வசனத்தைவிட நன்றாகச் சொல்லும்.

இது வெறும் ஆசையல்ல. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துத் தன் நாடக வழியையே மாற்றிக்கொண்டவர் ந. முத்துசாமி. 1977இல் பிறந்த அவருடைய கூத்துப்பட்டறை அதன் விளைவு. புரிசைக் குழு பிரெக்டின் நாடகத்தையும், மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவர் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறது. ஆக, அயலூர்க் கதையைக் கூத்து தாங்கும்.

சிக்கல் கிரீடத்தில் இருக்கிறது. கூத்தில் துயரம் அரசர்களுடையது. சாதாரண மனிதனுக்கும் துன்பியல் உண்டு என்று 1949இலேயே கட்டுரை எழுதி வாதிட்டவர் மில்லர். வில்லிக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டலாமா? கட்டலாம் என்பேன், ஆனால் கனவில் மட்டும். பென்னோடு பேசும்போது முழு வேடத்தில் ஆடட்டும். மனைவி லிண்டா முன்னால் வரும்போது அதைக் கழற்றிக் கையில் வைத்திருக்கட்டும். கர்ண மோட்சக் கூத்தில் மனைவி பொன்னுருவி முன் நிற்கும் கர்ணனை ஆடிய நடிகருக்கு, மனைவிக்கு முன்னால் ஒரு வீரன் எப்படிச் சுருங்குகிறான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவுதான் கடினம். திரௌபதி அம்மன் திருவிழாப் படுகளத்தில் பிணமாகக் கிடப்பவர்களை அம்மன் எழுப்பிவிடுகிறாள். வில்லியை எழுப்பக் கூடாது என்பது என் கட்சி. வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றுதான் கட்டி முடித்தேன், குடியிருக்கத்தான் ஆளில்லை என்று லிண்டா புதைகுழிக்கு முன்னால் புலம்புகிறாள். குழுக் கடனுக்கு வாரா வாரம் தவணை கட்டும் பெண்கள் அமர்ந்திருக்கும் களத்தில், மத்தளத்தை நிறுத்திவிட்டு அந்த ஒப்பாரியை முழுதாகப் பாடவிட வேண்டும்.