பங்கிற்கு முன் பொருள்: இசுலாமிய வாரிசுரிமையில் வீட்டுப் பொருள்களின் இடம்

இசுலாமிய வாரிசுரிமை குறித்துத் தமிழில் நிகழும் விவாதம் பெரும்பாலும் ஒரே புள்ளியில் வந்து நின்றுவிடுகிறது: மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இவ்விகிதத்தையே முழுச் சட்டமாகக் கொள்கின்றனர். விகிதம் விவாதத்திற்கு உரியதே. ஆயினும் மகளின் பங்கு அடியோடு மறைந்துபோவது விகிதத்தால் அன்று. இறந்தவருடைய பொருள் எது என வரையறுக்கப்படும் இடத்திலும், பங்கு விட்டுக்கொடுக்கப்படும் இடத்திலுமே அது மறைகிறது.

குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 7ஆம் வசனம், விட்டுச்செல்லப்பட்டது குறைவாயினும் மிகுதியாயினும் அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்குண்டு என்கிறது. ஆகவே நிலமும் வீடும் மட்டுமல்ல, பித்தளை அண்டாவும் தையல் இயந்திரமும்கூடப் பங்கிற்கு உட்பட்டவை. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றைத் தாண்டாத வஸிய்யத் ஆகியன போக எஞ்சுவதே பிரிக்கப்படும். கணவர், தாய், இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒரு பெண் இறந்தால், பொருள் 60 கூறாகும். கணவருக்கு 15, தாய்க்கு 10, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. கணக்கில் ஐயமில்லை. எதை அறுபதாக வகுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தாயின் நகை மகளுக்கே என்பது தமிழ்க் குடும்பங்களில் சமயம் கடந்து நிலவும் எண்ணம். ஃபிக்ஹு சட்டத்தில் அப்படியொரு தனிவிதி இல்லை. கழுத்திலிருந்து கழற்றிய கருகமணியிலும் கணவருக்கு நாலில் ஒன்று உண்டு. மறுபுறம், கணவர் இறக்கும்போது கொடுபடாத மஹர் அவர்மீது நிற்கும் கடனாகும். மனைவி தன் எட்டில் ஒரு பங்கைப் பெறும் முன்னரே அதைத் தனியாகப் பெறவேண்டும். பங்கைக் கணக்கிடும் ஆர்வத்தில் இக்கடனைக் கேட்க மறப்பது, கைம்பெண்ணுக்கு உரியதைப் பிள்ளைகளுக்குள் பகிர்வதற்கு ஒப்பாகும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து புழங்கிய பொருள்களின் நிலை இன்னும் நுட்பமானது. தேக்கு அலமாரி யாருடையது? உரிய சான்று இல்லாதபோது மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபி மத்ஹபில் ஆண்பொருள், பெண்பொருள் என்ற பாகுபாடு கொள்ளப்படுவதில்லை. இருதரப்பும் சத்தியம் செய்தால் சரிபாதியாகப் பிரியும். ஹனஃபி மத்ஹபில் பெண்ணுக்கு ஏற்றவை மனைவிக்கும், ஆணுக்கு ஏற்றவை கணவனுக்கும் சேரும். இருவருக்கும் பொதுவானவை, அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி, உயிரோடு எஞ்சியிருப்பவருக்குச் சேரும். அவருடைய மாணவர்களே இதில் அவரோடு உடன்படவில்லை. கடலோர மரைக்காயர்கள் பெரிதும் ஷாஃபிகள், ராவுத்தர்கள் ஹனஃபிகள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மனைவி இறந்த வீட்டில் அதே அலமாரி ஒரு குடும்பத்தில் பாதியளவு பங்கிற்கு வரும். மற்றொரு குடும்பத்தில் பங்கிற்கே வராது. மகளின் அறுபதில் ஏழு எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. ‘இசுலாமியச் சட்டம்’ என ஒருமையில் பேசும் எழுத்துகள் இதைத் தவறவிடுகின்றன.

அடுத்தது விட்டுக்கொடுத்தல். ஒரு வாரிசு குறித்த ஒரு பொருளையோ தொகையையோ ஏற்று, ஏனைய பங்கிலிருந்து விலகிக்கொள்ளும் ‘தகாருஜ்’ முறையை ஃபிக்ஹு அனுமதிக்கிறது. தையல் இயந்திரத்தை அறுபது துண்டாக வெட்ட இயலாது என்பதால் இது தேவையான வழியே. ஆனால் இதற்கு விலகுபவரின் மனமார்ந்த இசைவு வேண்டும். சிறுவர் பங்கை எவரும் விட்டுக்கொடுக்க முடியாது. துக்க நாள்களில், தமையன்மார் சூழ்ந்திருக்க, ‘உனக்கு என்னம்மா வேண்டும்?’ என்ற கேள்விக்குத் தங்கை சொல்லும் ‘ஒன்றும் வேண்டாம்’ இசைவு ஆகுமா என்பது ஆராய்தற்குரியது. பிறந்தகத்தின் வாசல் அடைபடும் அச்சம் அவ்விடையில் கலந்திருக்கிறது.

‘சீதனம் கொடுத்தாயிற்று, இனிப் பங்கில்லை’ என்னும் வாதம் இதைவிட வலுவற்றது. தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்து முடித்த அன்பளிப்பு வாரிசுப் பங்கில் கழிக்கப்படுவதில்லை. உயிரோடிருப்பவரின் சொத்தில் எதிர்பார்ப்பு மட்டுமே உள்ளவர் அதைத் துறக்கவும் இயலாது. குலாம் அப்பாஸ் வழக்கில் (1973) இந்திய உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டே, ஈடு பெற்றுத் துறந்தவர் பின்னர் உரிமை கோருவதை முரண்தடை தடுக்கலாம் என்றது. அங்குப் பேசப்பட்டது எழுத்தில் அமைந்த துறப்பு. திருமணத்தில் போட்ட நகையை அத்தகைய ஈடாகக் காட்டுவது தீர்ப்பை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டுவதாகும்.

எனினும் வழக்காறு எப்போதும் பெண்ணுக்கு எதிராகவே இயங்குவதாகக் கொள்வதும் பிழை. காயல்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரை முசுலிம் ஊர்களிலும் வீடு மகளுக்கே கொடுக்கப்படுகிறது. மருமகன் அங்கு வந்து வாழ்கிறான். தாய் இறக்கும்போது அவ்வீடு பங்கிற்கு வருவதில்லை, முன்னரே கைமாறிவிட்டது. இந்தியாவில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், வேளாண் நிலத்தையும் அதற்குள் கொணர்ந்த 1949ஆம் ஆண்டு சென்னைத் திருத்தம், இலங்கையில் 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்க முசுலிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் ஆகிய மூன்றின் வாரிசுரிமை விதிகளும் இறப்பின்போது எஞ்சியதையே ஆள்கின்றன. இவ்வூர்களில் எஞ்சுவது பெரும்பாலும் நகை, பாத்திரம், துணிமணி, மரச்சாமான். மகன்கள் தமக்குரிய இரட்டைப் பங்கைக் கேட்பது அவற்றின்மீதுதான்.