நிறைவேறாத திறனும் இறுதி ஆட்டமும்: தமிழ்க் குத்துச்சண்டைக் கதையாடல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னைக் குத்துச்சண்டையைக் களமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் பெரும்பாலும் வெற்றியில் முடிகின்றன. ஆயினும் அவற்றின் துணைப் பாத்திரங்களில் பலர் திறனிருந்தும் உயராதவர்கள். அவர்களின் வீழ்ச்சிக்குப் படங்கள் கூறும் காரணங்களையும், காட்சிகளே உணர்த்தும் காரணங்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைக் களமாகக் கொண்ட ‘மணல் கடிகை’ நாவல் வடிவ ஒப்பீட்டிற்குத் துணைகொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குத்துச்சண்டை, வடசென்னை, சார்பட்டா பரம்பரை, இறுதிச்சுற்று, திருப்பூர், உழைப்பு நேரம்

முன்னுரை

விளையாட்டு வீரர் ஒருவர் தம் திறனுக்கேற்ற உயரத்தை எட்டவில்லை எனில், அதற்குக் குடி, கோபம், ஒழுங்கின்மை ஆகியவற்றைக் காரணமாகச் சொல்லுவது பொதுவழக்கு. இவ்விளக்கம் வீழ்ச்சியின் பொறுப்பு முழுவதையும் வீழ்ந்தவர் மீதே சுமத்துகிறது. பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ (2021), சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ (2016) ஆகிய படங்கள் இவ்விளக்கத்தை ஓரளவு மறுக்கின்றன. ஓரளவு தம்மையறியாமல் ஏற்கவும் செய்கின்றன. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான முரணே இங்கு ஆய்வுப் பொருளாகிறது.

சார்பட்டா: வீழ்ச்சியின் இருவகை விளக்கம்

‘சார்பட்டா பரம்பரை’ 1970களின் நடுப்பகுதியில் நிகழ்கிறது. கபிலன் துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளி. அவன் தந்தை குத்துச்சண்டை வீரராக இருந்து ரௌடியாக மாறிக் கொலையுண்டவர். மகனும் அவ்வழியே சென்றுவிடுவான் என்னும் அச்சத்தால் தாய் பாக்கியம் அவனை மேடையிலிருந்து விலக்கிவைக்கிறாள். ஆகவே நிறைவேறாமை கபிலனுக்கு முந்தைய தலைமுறையிலேயே தொடங்கிவிடுகிறது. தந்தையின் முறிந்த வாழ்வு மகனின் திறனுக்குத் தடையாக நிற்பதைப் படம் நுட்பமாகக் காட்டுகிறது.

வேம்புலியுடனான ஆட்டத்தில் வெற்றியின் விளிம்பில் நிற்கும் கபிலன், மேடையிலேயே ஆடை களையப்பட்டு அவமதிக்கப்படுகிறான். அதே வேளையில் ரங்கன் வாத்தியார் கைது செய்யப்படுகிறார். 1976 சனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட வரலாற்று நிகழ்வோடு இக்காட்சி பிணைக்கப்பட்டுள்ளது. இங்கு ஆட்டத்தை முறிப்பது வீரனின் குறைபாடு அன்று. தணிகையின் வன்மமும் அதிகார மாற்றமும் இணைந்தே அதனை முறிக்கின்றன. இதுவரை படத்தின் விளக்கம் சமூகவியல் சார்ந்தது.

இதன்பின் விளக்கம் இடம் மாறுகிறது. கபிலன் வெற்றியுடன் சேர்ந்து சாராயத் தொழிலில் இறங்கிக் குடியால் உடல் தளர்கிறான். தமிழகத்தில் 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்ததை நோக்க, கள்ளச்சாராயம் அக்காலப் பொருளாதாரத்தின் விளைபொருளே. படமோ அதனைப் பெரிதும் கபிலனின் தனிமனிதச் சரிவாகவே நிகழ்த்துகிறது. பீடி ராயப்பனின் பயிற்சி, கடற்கரை ஓட்டம், மனவுறுதி ஆகியவற்றால் அவன் மீள்கிறான். சமூகத்தால் நேர்ந்த வீழ்ச்சிக்குத் தனிமனித உறுதி மருந்தாகிவிடுகிறது. மீண்டெழ முடியாதவர் உறுதியற்றவர் என்னும் எதிர்மறைப் பொருள் இதிலிருந்து தானாகவே பிறக்கிறது.

துணைப் பாத்திரங்களின் உண்மை

இப்படத்தின் வலிமை அதன் துணைப் பாத்திரங்களில் உள்ளது. டான்சிங் ரோஸ் கால்நகர்விலும் உடலசைவிலும் கபிலனைக் காட்டிலும் தேர்ந்த கலைஞன். ஆயினும் கபிலனின் தகுதியை நிறுவும் படிக்கட்டாகவே கதையமைப்பு அவனைப் பயன்படுத்துகிறது. தோல்விக்குப் பின் அவன் திறன் என்னவாயிற்று என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. பார்வையாளர் நினைவில் அவன் இன்றளவும் நிலைத்திருப்பது, கதை அளிக்க மறுத்த இடத்தை அவர்களே அளித்ததன் விளைவு எனலாம்.

ராமன் தணிகையின் உறவினன். உறவின் எதிர்பார்ப்பு அவன்மேல் சுமத்தப்படுகிறது. வெற்றி ரங்கன் வாத்தியாரின் மகன். தந்தையால் தகுதியானவனாகக் கருதப்படாதவன். ஒருவனுக்குத் தகுதியை மீறிய வாய்ப்பு கிடைக்கிறது. மற்றவனுக்கு வாய்ப்பே மறுக்கப்படுகிறது. பரம்பரை என்னும் அமைப்பு பயிற்சியும் அடையாளமும் தருவது போலவே, யார் மேடையேற வேண்டும் என்பதை வாத்தியாரின் ஒற்றைத் தீர்ப்பிற்கும் ஊர்ப் பெரியவர்களின் அழுத்தத்திற்கும் விட்டுவிடுகிறது. மேலும், இம்மேடையின் உச்சம் எதிர்ப் பரம்பரையை வெல்லுவதே. தேசிய அணிக்கோ ஒலிம்பிக்கிற்கோ இட்டுச்செல்லும் பாதை இக்கதையுலகில் இல்லை. ஆகவே வென்ற கபிலனையும் திறன் முழுமையாக நிறைவேறியவன் எனக் கொள்ளுவது எளிதன்று.

இறுதிச்சுற்று: பற்றாக்குறையும் பொறாமையும்

‘இறுதிச்சுற்று’ படத்தில் மீன் விற்கும் மதி உயர்கிறாள். அவள் அக்காள் லட்சுமி பின்தங்குகிறாள். லட்சுமி பல்லாண்டுகள் பயிற்சி பெறுவது விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறைப் பணி பெறுவதற்காக. அவளுக்குக் குத்துச்சண்டை ஒரு குடும்பத்தின் மாத வருமானம். பயிற்றுநரின் கவனம் தங்கைமேல் திரும்பும்போது அவள் கொள்ளும் கசப்பைப் படம் பொறாமையாக வரையறுக்கிறது. ஒரே பயிற்றுநர், சில இடங்கள், பல போட்டியாளர் என்னும் பற்றாக்குறைதான் அக்கசப்பின் ஊற்று. அமைப்பின் குறை உடன்பிறந்தாரின் குணக்குறையாக இவ்வாறு உருமாற்றப்படுகிறது.

இதற்கு எதிர்நிலையில் வைத்து நோக்கத்தக்கது நார்வே நாட்டு இயக்குநர்கள் உருவாக்கிய ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ (2013) என்னும் ஆவணப்படம். சென்னைக் குத்துச்சண்டை வீராங்கனை துளசியைப் பின்தொடரும் இப்படம் வறுமை, சாதி, அரசுப் பணிக்கான காத்திருப்பு, பயிற்சிக் களத்தின் அத்துமீறல்கள் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. தலைப்பிலுள்ள எடைப் பிரிவும் கருதத்தக்கது. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முறையாக 2012இல் இடம்பெற்றபோது 51, 60, 75 கிலோ என்னும் மூன்று பிரிவுகளே இருந்தன. 48 கிலோவிற்கு இடமில்லை. அவ்வெடையிலும் அதற்குக் குறைந்த எடைகளிலும் உலகப் பட்டங்கள் வென்ற மேரி கோம் 51 கிலோவிற்கு உயர்ந்தே பதக்கம் பெற்றார். எடையை உயர்த்துவதற்கு உணவும் மருத்துவமும் ஓய்வும் வேண்டும். அவை வாய்க்காதவர்க்கு அவ்விதியே தடையாகிறது. ஆவணப்படத்திற்கு இறுதி ஆட்டம் என்னும் கட்டாயம் இல்லாமையால் இத்தகைய தடைகள் அதில் மறையாமல் நிற்கின்றன.

திருப்பூர்: இறுதி ஆட்டம் இல்லாத கதை

வடிவத்திற்கும் உண்மைக்குமான இவ்வுறவைத் தெளிவாக்கத் திருப்பூர் உதவுகிறது. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ (2004) பனியன் தொழிலின் வளர்ச்சியோடு ஐந்து நண்பர்களின் வாழ்வைப் பின்னிச் சொல்லும் நாவல். அதில் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் ஒற்றை ஆட்டம் இல்லை. இளமையில் ஒன்றாக நின்றவர்கள் தொழிலின் ஏற்ற இறக்கங்களில் வெவ்வேறு திசைகளில் சிதறுகின்றனர். எவர் எப்போது எதனை இழந்தார் என்பதை ஒரு கணத்தில் சுட்ட இயலாது.

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது அன்றாடச் சொல். பன்னிரண்டு மணி நேர உழைப்பைக் குறிப்பது. துண்டுக்கூலிக்குத் தைப்பவரின் நேரம் முழுவதும் கூலியாக மாற்றத்தக்கது. பயிற்சிக்கென ஒதுக்கும் ஒரு மணி நேரமும் இழந்த கூலியாகவே கணக்கிடப்படும். துறைமுகக் கூலியான கபிலன் எதிர்கொள்ளுவதும் இதே சிக்கலை. ஆனால் வடசென்னைக்குப் பரம்பரை என்னும் அமைப்பும் வாத்தியார் என்னும் உறவும் இருந்தன. அதனால் அங்கு இழந்த திறனுக்குப் பெயர் உண்டு. ‘நல்லா ஆடுவான், வீணாப் போயிட்டான்’ என்று சொல்ல ஆள் உண்டு. அத்தகைய களம் வாய்க்காத தொழில்நகரில் திறன் வெளிப்படுவதற்கு முன்பே உழைப்பில் கரைந்துவிடுகிறது. அங்கு இழப்பிற்குச் சாட்சியும் இல்லை.

முடிவுரை

தமிழ்க் குத்துச்சண்டைப் படங்கள் வீழ்ச்சியின் சமூகக் காரணங்களை அறிந்தே உள்ளன. அவற்றை வலிமையாகக் காட்சிப்படுத்தவும் செய்கின்றன. எனினும் இறுதி ஆட்டம் என்னும் வடிவம் அக்காரணங்களை ஒரே குத்தில் செயலிழக்கச் செய்கிறது. ரசிகனுக்கு அது தரும் நிறைவு பொய்யன்று. ஒடுக்கப்பட்டவன் வெல்லுவதைக் காணும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அந்நிறைவின் விலையை டான்சிங் ரோஸும் லட்சுமியும் செலுத்துகின்றனர். வென்றவனின் மனவுறுதியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், தோற்றவர்க்குக் கிடைத்த நேரம், உணவு, பயிற்சி, பாதுகாப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளும் திறனாய்வே இக்கதையாடல்களை முழுமையாக வாசிக்க வல்லது. ‘வீணாய்ப் போனவன்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் வீணாக்கியவை எவை என்னும் வினாவை அது எழுப்ப வேண்டும்.